உங்கள் மூளைக்கு ஏற்ற தவக்காலம்: ஆட்டிசம், ஏடிஎச்டி உள்ள கிறிஸ்தவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தவக்காலம் வந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் மாறுகிறது. சாப்பாடு, சாப்பிடும் நேரம், செபம், கோவிலின் நிறம், பாடல்கள், வழிபாட்டின் நீளம், வெள்ளிக்கிழமை மாலைகள் என எதுவும் பழையபடி இருப்பதில்லை. பலருக்கு அந்த மாற்றமே விழிப்பைத் தருகிறது. ஆனால் நிலையான ஒழுங்கைப் பற்றிக்கொண்டே ஒவ்வொரு நாளையும் கடத்துகிற ஆட்டிசம் உள்ளவருக்குக் காலடி மண் சரிகிறது. ஏடிஎச்டி (கவனச்சிதறலும் மிகைத்துடிப்பும் கொண்ட நிலை) உள்ளவர் தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதனன்று பத்துத் தீர்மானங்களை உற்சாகமாக எடுக்கிறார். இரண்டாம் வாரத்தில் ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. மிஞ்சுவது குற்றவுணர்வு மட்டும்.

எனக்கு இரண்டும் உண்டு. அதனால் இந்த வழிகாட்டியை வெளியிலிருந்து பார்த்து எழுதவில்லை. என் நம்பிக்கை இதுதான்: திருச்சபையின் ஒழுங்கில் நமக்கு உண்மையிலேயே நிறைய இடம் இருக்கிறது. அந்த இடம் இருப்பதை யாரும் நமக்குச் சொல்லாததால்தான் பலர் தவக்காலத்தைக் கைவிடுகிறார்கள், அல்லது உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

படி 1: உண்மையில் என்ன கேட்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் மனம் நம்மில் பலருக்கு. "தவக்காலத்தில் நோன்பு இருக்க வேண்டும்" என்று மறையுரையில் கேட்டால், நாற்பது நாளும் பட்டினி கிடக்க வேண்டும் என்று பொருள் கொள்வோம். ஆகவே சட்டம் என்ன சொல்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின்படி நோன்பு கட்டாயமான நாட்கள் இரண்டே: சாம்பல் புதன், புனித வெள்ளி. 18 வயது நிறைவானவர்களை 59 வயது நிறைவாகும் வரை அது கட்டுப்படுத்தும். நம் பெரியவர்கள் ஒருசந்தி என்று சொன்ன அந்த நோன்பின் இன்றைய அளவு, ஒரு முழு உணவும், இரண்டும் சேர்ந்தாலும் ஒரு முழு உணவாகாத அளவில் இரு சிற்றுணவும். தண்ணீரும் மருந்தும் நோன்பை முறிப்பதில்லை. சுத்தபோசனம், அதாவது இறைச்சி தவிர்ப்பது, 14 வயது நிறைவானவர்களுக்கு உரியது. அந்த இரு நாட்களிலும் தவக்கால வெள்ளிகளிலும் அது பொருந்தும். இறைச்சிக்குப் பதிலாக வேறு உணவையோ, வேறு ஒறுத்தலையோ, அறச்செயலையோ ஆயர் பேரவைகள் குறிக்கலாம் என்பதால் நாட்டுக்கு நாடு இதில் வேறுபாடு உண்டு.

இதற்கு மேல் நீங்கள் எடுத்துக்கொள்வது எல்லாம் உங்கள் விருப்பக் காணிக்கை. அதைக் குறைத்தாலோ மாற்றினாலோ பாவம் ஆகாது. இந்த ஒரு வாக்கியத்தை எழுதிக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவைக்கச் சொல்வேன்.

கட்டாய நாட்களுக்கும் விலக்கு உண்டு. நோயுற்றவர்களையும் உடல்நலக் காரணம் உள்ளவர்களையும் நோன்பு கட்டுப்படுத்துவதில்லை என்பது திருச்சபையின் நெடுங்கால வழக்கம். அதோடு, தகுந்த காரணம் இருந்தால் தனிப்பட்ட ஒருவருக்கு நோன்பிலிருந்து விலக்கு அளிக்கவும், அதை வேறொரு பக்திச் செயலாக மாற்றித்தரவும் பங்குத்தந்தைக்கு அதிகாரம் உண்டு. "எனக்கு விலக்கு பொருந்துமா, நான் சாக்குச் சொல்கிறேனா" என்று இரவெல்லாம் யோசிப்பவராக இருந்தால், அந்த யோசனையை அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். அவர் சொன்னதும் விஷயம் முடிந்தது.

ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பெரிய நோன்பின் விதிகள் இன்னும் கடுமையானவை. ஆனால் ஆன்ம வழிகாட்டியோடு பேசி அவரவர் நிலைக்கேற்ப அளவை அமைத்துக்கொள்வது அங்கே நோன்பின் ஒரு பகுதியே. சீர்திருத்த சபைகள் பலவற்றில் லெந்து நாட்களுக்கென்று (தவக்காலத்துக்கு அங்கே வழங்கும் பெயர்) கட்டாய விதி எதுவும் இல்லை. கேட்க எளிதாகத் தோன்றும். தெளிவான வரம்பு இல்லாமல் தவிக்கும் மனதுக்கு அதுவே கடினம். அங்கிருப்பவர்கள் தங்களுக்கான வரம்பைத் தாங்களே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும்.

நாட்களின் கணக்கும் சிலரைக் குழப்பும். சாம்பல் புதன் முதல் புனித சனி வரை எண்ணினால் 46 நாட்கள். ஆறு ஞாயிறுகளையும் விட்டுவிட்டால் 40. ஞாயிறு உயிர்ப்பின் நாள் என்பதால் நோன்பு நாள் அல்ல. உங்கள் தீர்மானம் ஞாயிற்றுக்கிழமையும் தொடருமா, ஓயுமா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். வாரம் ஒருநாள் விட்டால் பழக்கமே அறுந்துபோகும் என்றால் தொடருங்கள். அந்த ஒருநாள்தான் மூச்சுவிட இடம் தரும் என்றால் ஓயுங்கள். ஞாயிறு காலையில் முடிவெடுப்பது மட்டும் வேண்டாம்.

படி 2: தொடக்கூடாதவற்றை முதலில் எழுதுங்கள்

எதை விடலாம் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். நாம் எதை விடக்கூடாது என்று தொடங்க வேண்டும்.

இரைச்சலைத் தடுக்கும் ஹெட்போன். தினமும் உண்ணும் அதே உணவு. வேலை முடிந்து வந்ததும் யாரோடும் பேசாமல் இருக்கும் அரைமணி நேரம். கையில் உருட்டிக்கொண்டிருக்கும் சிறு பொருள். மனம் முழுவதுமாக மூழ்கும் அந்த ஒரு விருப்பத்துறை, அது ரயில் அட்டவணையோ பூச்சியினமோ எதுவானாலும். ஒரே பாடலைத் திரும்பத் திரும்பக் கேட்பது. மற்றவர் கண்ணுக்கு இவை வசதிகள், சொகுசுகள். "உனக்கு எது மிகவும் பிடிக்குமோ அதை விடு" என்று அன்போடுதான் சொல்வார்கள். ஆனால் நரம்பு மண்டலத்தை நிலையாக வைத்திருப்பவை இவைதான். இவற்றை எடுத்துவிட்டால் பதினைந்தாம் நாள் நீங்கள் கூடுதல் புனிதராக இருக்க மாட்டீர்கள். வீட்டில் இருப்பவர்கள்மேல் எரிந்துவிழுந்துகொண்டிருப்பீர்கள்.

மருந்தும் இந்தப் பட்டியலில் அடங்கும். தவமாக மருந்தை விடுவதோ அளவைக் குறைப்பதோ கூடவே கூடாது. உறக்கமும் அப்படியே.

ஒரு சோதனை உதவும். "இதை விட்டால் நான் கடவுளிடமும் பிறரிடமும் கூடுதலாகக் கவனம் வைப்பேனா, அல்லது சமாளிக்கவே என் பலம் முழுவதும் போய்விடுமா?" இரண்டாவது என்றால், அது பட்டியலில் சேர்கிறது.

படி 3: உணவை நேர்மையாகப் பாருங்கள்

நோன்பு பற்றிய பொதுவான அறிவுரைகள் ஓர் அனுமானத்தின்மேல் நிற்கின்றன: பசித்தால் பசிக்கிறது என்று தெரியும், சாப்பிடாமல் இருப்பது கடினம், சாப்பிடுவது எளிது. நம்மில் பலருக்கு இது தலைகீழ்.

உடலின் உள்ளிருந்து வரும் பசி, தாகம், களைப்பு ஆகிய குறிப்புகளை உணர்வது ஆட்டிசம் உள்ள பலருக்குக் கடினம். பசி பசியாகத் தெரிவதில்லை. தலைவலியாக, எரிச்சலாக, காரணமில்லாத அழுகையாகத் தெரிகிறது. ஏடிஎச்டிக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் போன்ற ஊக்க மருந்துகள் பசியை மட்டுப்படுத்தும். காலையில் மருந்து எடுத்தவருக்கு மாலைவரை சாப்பாட்டு நினைவே வராமல் போகலாம். ஒரு வேலையில் மூழ்கி மதியச் சாப்பாட்டைத் தவறவிடுவதும் அன்றாடம். இப்படிப்பட்டவர் ஒருவேளை உணவை விடுவதில் எந்த ஒறுத்தலும் இல்லை. அவருக்கு உண்மையான ஒறுத்தல், அலாரம் அடித்ததும் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு எழுந்து, நன்றி சொல்லி, உட்கார்ந்து சாப்பிடுவது. மூன்று வேளையும் நேரத்துக்கு உண்பதைத் தவக்காலத் தீர்மானமாக எடுப்பதை நான் முழு மனதோடு பரிந்துரைக்கிறேன்.

எலியாவின் கதையை இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள் (1 அரசர்கள் 19). பாலைநிலத்தில் சோர்ந்து, சாகவேண்டும் என்று வேண்டிப் படுத்திருந்தவரை வானதூதர் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறார். சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன. உண்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூதர் திட்டவில்லை, இரண்டாம் முறையும் எழுப்பி, பயணம் நீண்டது, எழுந்து சாப்பிடு என்கிறார். அந்த உணவின் வலிமையால்தான் எலியா நாற்பது பகலும் நாற்பது இரவும் ஓரேபு மலைவரை நடந்தார். நாற்பது நாள் என்றதும் பட்டினியை மட்டும் நினைப்பவர்கள், அந்த நாற்பது நாளுக்கு முன் நடந்த உறக்கத்தையும் சாப்பாட்டையும் மறந்துவிடுகிறார்கள்.

சில எச்சரிக்கைகளைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உண்ணுதல் கோளாறு இப்போது இருந்தாலும் முன்பு இருந்திருந்தாலும் உணவு சார்ந்த நோன்பு உங்களுக்கு வேண்டாம். ஆட்டிசம் உள்ளவர்களிடையே பசியின்மை நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. ஏடிஎச்டி உள்ளவர்களிடையே கட்டுப்பாடின்றி அதிகம் உண்ணும் கோளாறும் அப்படியே. நோன்பு இரண்டையும் தூண்டிவிடக்கூடும். உணவின் வாசனை, பதம், நிறம் காரணமாக மிகச் சில உணவுகளை மட்டுமே உண்ண முடிகிற நிலையை மருத்துவ உலகம் 2013 முதல் ஒரு தனிக் கோளாறாகவே வகைப்படுத்தியிருக்கிறது. அது அடமோ செல்லமோ அல்ல. அந்தச் சில உணவுகளில் ஒன்று இறைச்சி என்றால், வெள்ளிக்கிழமைக்கு என்ன செய்வது என்று தவக்காலத்துக்கு முன்பே பங்குத்தந்தையிடம் பேசிவிடுங்கள். உணவோடு எடுக்கவேண்டிய மருந்துகள் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் உணவு நேரத்தை மாற்ற வேண்டாம்.

இன்னொன்று. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர நோன்பில் தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையில்லை. முதியோரும் நோயுற்றவர்களும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களும் அந்த நேரத்துக்குள் ஏதாவது உண்டிருந்தாலும் நற்கருணை பெறலாம். கோவிலுக்குக் கிளம்பும் பரபரப்பில் கடைசி நேரத்தில் சாப்பிடும் பிள்ளையை அழைத்துவரும் பெற்றோருக்குப் பங்குத்தந்தையோடு பேச இது நல்ல தொடக்கம்.

படி 4: மூன்று சிறு தீர்மானங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு அளவு

மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் இயேசு அறச்செயல், இறைவேண்டல், நோன்பு என்று மூன்றைச் சொல்கிறார். மூன்றிலும் ஒன்று மட்டும். பத்து வேண்டாம்.

ஒவ்வொன்றுக்கும் வழக்கமான நாளுக்கு ஓர் அளவும் மோசமான நாளுக்கு ஓர் அளவும் எழுதுங்கள். மோசமான நாளின் அளவு, தலை தூக்க முடியாத நாளிலும் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். மேசைமேல் மாத்திரை டப்பாவின் பக்கத்தில் இருக்கிற ஒரு தாளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதில் இருப்பது இவ்வளவுதான்:

செபம்: காலை மருந்து எடுத்ததும் ஒரு திருப்பாடல். மோசமான நாளில் சிலுவை அடையாளம் மட்டும்.
நோன்பு: இரவு உணவுக்குப் பின் ஒரு குறிப்பிட்ட செயலியைத் திறப்பதில்லை. மோசமான நாளில் படுக்கைக்கு அதைக் கொண்டுபோவதில்லை.
அறச்செயல்: வாரம் ஒருமுறை தனியாக இருக்கும் ஒருவருக்கு ஒரு செய்தி. மோசமான வாரத்தில் அவர் பெயரைச் சொல்லி ஒரு நொடி வேண்டுதல்.

மோசமான நாளின் அளவைச் செய்தாலும் அந்த நாள் முழுமையாகவே கணக்கில் சேரும். எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்று யோசிக்கும் மனதுக்கு இந்த விதி இல்லாவிட்டால், ஒருநாள் தவறியதும் முழுத் தவக்காலமும் போய்விட்டது என்று தோன்றும்.

தாளில் கவனித்திருப்பீர்கள்: செபம் "காலையில்" என்று இல்லை, "மருந்து எடுத்ததும்" என்று இருக்கிறது. நேரம் நழுவும் மனதுக்கு மணிக்கணக்கை நம்ப முடியாது. ஏற்கெனவே நடக்கிற ஒரு செயலின் வாலில் புதியதைக் கட்டிவிட வேண்டும். "இனிப்பை விடுகிறேன்" போன்ற வெறும் மறுப்புகளும் ஏடிஎச்டி மனதுக்குப் பிடிகொடுப்பதில்லை. செய்யாமல் இருப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. விட்டதன் இடத்தில் வைக்க ஒரு செயல் வேண்டும்.

கட்டாயம் என்று வந்தாலே உள்ளுக்குள் பூட்டு விழுந்துவிடுகிறவர்களும் உண்டு, தாங்களே இட்ட கட்டாயமாக இருந்தாலும்கூட. அவர்கள் தீர்மானத்துக்குப் பதில் நான்கைந்து தேர்வுகள் எழுதி வைத்து, அன்றன்றைக்கு எது முடிகிறதோ அதை எடுக்கலாம்.

சாம்பல் புதன் முதல் சனி வரையிலான நான்கு நாட்களை ஒத்திகையாக வைத்துக்கொள்ளுங்கள். பழங்காலத்தில் தவக்காலம் முதல் ஞாயிறில்தான் தொடங்கியது. நாற்பது நோன்பு நாள் நிறைய வேண்டும் என்று இந்த நான்கு நாட்கள் பின்னர் சேர்க்கப்பட்டன. அந்த நான்கு நாளில் திட்டம் கனமாக இருக்கிறது என்று தெரிந்தால் முதல் ஞாயிறில் பாதியாகக் குறையுங்கள். அதேபோல, புதுமை தீர்ந்ததும் ஆர்வம் வடியும் மனம் உங்களுடையது என்றால், நான்காம் ஞாயிறை மாற்றத்துக்கான நாளாக இப்போதே குறித்துவையுங்கள். நோன்பின் நடுவே மகிழ்ச்சியை அழைக்கும் ஞாயிறு அது. குருவின் உடைகூட ஊதாவுக்குப் பதில் ரோஜா நிறமாகலாம். அன்று செபத்தின் வடிவத்தை மாற்றினால் அது தோல்வியல்ல, திட்டத்தின் பாதி.

கடைசியாக, தாளை ஒருவரிடம் காட்டுங்கள். 6-ஆம் நூற்றாண்டில் துறவிகளுக்கு ஒழுங்கு வகுத்த புனித ஆசீர்வாதப்பர், தவக்காலத்தில் ஒவ்வொருவரும் எதைக் காணிக்கையாக்கப் போகிறார் என்பதைத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் பெற வேண்டும் என்றார். அளவு மீறும் ஆர்வத்துக்கு இரண்டாவது கண் தேவை என்பது ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

படி 5: அசையும் செபம், திரும்பத் திரும்பச் சொல்லும் செபம்

அசையாமல், கண்களை மூடி, மௌனமாக அரைமணி நேரம். செபம் என்றால் இதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். இது செபத்தின் ஒரு வடிவம், அவ்வளவே.

சிலுவைப்பாதையில் 14 நிலைகள்; ஒவ்வொரு நிலைக்கும் நடக்கிறோம், நிற்கிறோம், முழங்காலிடுகிறோம். ஓடிக்கொண்டே இருக்கும் உடம்புக்கென்றே செய்தது போன்ற செபம் அது. கூட்டமாகச் செய்வது கடினமென்றால் ஆளில்லாத நேரத்தில் தனியாகப் போகலாம். பதினான்கையும் ஒரே நாளில் முடிக்காமல் நாளுக்கு ஒன்றாக இரண்டு வாரம் செய்யலாம். செபமாலையின் மணிகள் விரல்களுக்கு வேலை தருகின்றன. கீழைச் சபைகளின் முடிச்சுக் கயிறும் அப்படியே. "ஆண்டவர் இயேசு கிறிஸ்துவே, இறைமகனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்" என்ற ஒரே மன்றாட்டை மூச்சோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டே போவார்கள். ஒரே சொல்லைத் திரும்பச் சொல்வதில் அமைதி காணும் மனம் உங்களுடையது என்றால், திருச்சபையின் மிகப் பழைய செப மரபொன்று உங்களுக்காகத் திறந்திருக்கிறது. ஆடிக்கொண்டே, நடந்துகொண்டே, விரல்களை அசைத்துக்கொண்டே செபியுங்கள். மனிதர் முன் போட்டுக்கொள்ளும் முகமூடியைக் கடவுள் முன் கழற்றிவைப்பதைவிடப் பெரிய தவக்காலத் தீர்மானம் எனக்குத் தெரியவில்லை.

டிஸ்லெக்சியா (எழுத்துகளை வாசிப்பதில் சிரமம்) உள்ளவர்கள் வாசகங்களை ஒலிவடிவில் கேட்கலாம். விருப்பத்துறையையும் உள்ளே கொண்டுவரலாம்: வரலாற்றில் மூழ்குபவர் எருசலேமின் முதல் நூற்றாண்டுத் தெருக்களைப் படிக்கட்டும், இசைப்பிரியர் பாடுகளின் இசை மரபைத் தேடட்டும். ஒரே பொருளில் ஆழ்ந்து நிற்கும் கவனம் கொடையே.

உணர்வு வரவில்லையே என்ற கவலை தனியாகப் பேசவேண்டியது. மறையுரையில் எல்லோரும் கண்கலங்கும்போது உங்களுக்கு ஒன்றும் தோன்றாமல் இருக்கலாம். தோன்றினாலும் அது என்ன உணர்வு என்று பெயர் சொல்ல முடியாமல் இருக்கலாம். திருச்சபை மனத்துயர் என்று சொல்வது கண்ணீரை அல்ல. பாவத்தை வெறுத்து, இனிச் செய்வதில்லை என்று உறுதியெடுக்கும் மனத்தின் திருப்பமே அது. நாடகமான வெளி அடையாளத்தை யோவேல் இறைவாக்கினரும் கேட்கவில்லை. உடைகளை அல்ல, இதயத்தைக் கிழித்துக்கொள்ளுங்கள் என்றார். திரும்ப வேண்டும் என்று நீங்கள் முடிவெடுத்தால் திரும்பிவிட்டீர்கள்.

படி 6: கோவிலில் என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்து போங்கள்

சாம்பல் புதனில் குரு விரலால் நெற்றியில் சாம்பலைப் பூசுவார். உலர்ந்த, நறநறவென்ற பொடி. சில இடங்களில் நீர் தெளித்துக் குழைத்திருப்பார்கள். மூக்கின்மேல் துகள் உதிரும். தொடுதலைத் தாங்க முடியாதவர்களுக்கு அந்த ஒரு நொடி முழுத் திருப்பலியையும் விழுங்கிவிடும். உச்சந்தலையில் சாம்பலைத் தூவுவதும் திருச்சபையின் வழக்கமே. 2021-இல் பெருந்தொற்றுக் காலத்தில் வத்திக்கான் அதையே உலகெங்கும் செய்யச் சொன்னது. "தலையில் தூவ முடியுமா தந்தையே?" என்று முன்பே கேட்டுவையுங்கள். சாம்பல் பெறாமலே இருக்கலாம், அது கட்டாயமில்லை. அன்று திருப்பலிக்குப் போவதும் கடன் திருநாள் போலக் கட்டாயமில்லை. சொல்லப்படும் வாக்கியமும் இரண்டு வகை: ஒன்று மண்ணுக்குத் திரும்புவதை நினைவூட்டும், மற்றது மனம் மாறி நற்செய்தியை நம்பச் சொல்லும். மரண பயம் உங்களைப் பிடித்து ஆட்டுமென்றால் இரண்டாவதைக் கேட்டுப் பெறலாம்.

தவக்காலம் முழுவதும் உன்னதங்களிலே கீதம் ஞாயிறுகளில் பாடப்படாது, அல்லேலூயா வராது. ஐந்தாம் ஞாயிறு முதல் சில கோவில்களில் சிலுவையையும் சொரூபங்களையும் ஊதாத் துணியால் மூடுவார்கள். பழகிய இடம் திடீரென்று அந்நியமாகத் தெரியும் என்பதால் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வையுங்கள். முடிந்தால் ஆளில்லாத நேரத்தில் ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

புனித வாரம்தான் பெரிய சோதனை. குருத்து ஞாயிறில் பவனி, கூட்டம், நீண்ட பாடுகளின் வரலாறு. வியாழனன்று பாதம் கழுவுதல். உங்களை அழைத்தாலும் மறுக்கலாம். வெள்ளியன்று சிலுவையை முத்திசெய்ய நீண்ட வரிசை. முத்தத்துக்குப் பதில் தலைவணங்கினால் போதும். உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய இரவின் வழிபாடான பாஸ்கா திருவிழிப்பு இருளில் தொடங்கும், கையில் மெழுகுவர்த்தி, வாசகங்கள் ஒன்பது வரை போகலாம். பின்னர் உன்னதங்களிலே கீதத்தின்போது, வியாழன் முதல் ஓய்ந்திருந்த மணிகள் எல்லாம் ஒருசேர முழங்கும். அந்த இடம் எப்போது வரும் என்று தெரிந்தால் காதை மூடிக்கொள்ளலாம், அல்லது வாசலருகே நிற்கலாம்.

எல்லாவற்றுக்கும் போகவேண்டியதில்லை. புனித வியாழன், புனித வெள்ளி வழிபாடுகள் கடன் அல்ல. பாஸ்கா ஞாயிறுக்கான கடமை திருவிழிப்பிலோ பகல் திருப்பலியிலோ நிறைவேறும். சிறிய, குறுகிய காலைத் திருப்பலி உங்களுக்குப் பொருந்தலாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு முந்தைய நாளையும் மறுநாளையும் காலியாக வைத்து, முழு மனதோடு போங்கள்.

படி 7: ஒப்புரவு அருளடையாளம்

நோய்க்குறி எது, பாவம் எது என்று பிரித்துப் பார்க்காமல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால், பிறந்த விதத்துக்கே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்போம். மறந்துபோனது, தாமதமானது, செபத்தில் கவனம் சிதறியது, கண்ணைப் பார்த்துப் பேசாதது, திருப்பலியின் நடுவே எழுந்து வெளியே போனது இவை பாவமல்ல. இரைச்சலில் உடைந்து அழுததும் பாவமல்ல. ஆனால் அந்த உடைவில் ஒருவர் மனம் புண்பட்டிருந்தால், குற்றத்தின் அளவு குறையலாம், மன்னிப்புக் கேட்கவேண்டியது குறையாது. இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சொல்ல வராதவர்கள் எழுதிக் கொண்டுபோய் வாசிக்கலாம். பேச்சே வராத நாளில் தாளைக் கொடுக்கலாம், பின்னர் கிழித்துப்போட்டுவிடலாம். ஒரு சிறு அட்டையில் இப்படி எழுதி முதலில் கொடுப்பது நல்லது:

"தந்தையே, எனக்கு ஆட்டிசம் உண்டு. உங்கள் முகத்தைப் பார்த்துப் பேச வராது, கவனமில்லை என்று நினைக்க வேண்டாம். பாவங்களை எழுதி வைத்திருக்கிறேன். கேள்வி கேட்டால் பதில் சொல்லச் சற்று நேரம் எடுக்கும். பரிகாரத்தை, எந்தச் செபம், எத்தனை முறை என்று தெளிவாகச் சொல்லுங்கள்."

கடைசி வரி முக்கியம். "இந்த வாரம் அன்பாக ஏதாவது செய்யுங்கள்" என்ற பரிகாரம், முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் மாதக்கணக்கில் வதைக்கும்.

ஓசிடி (ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் நோய்) உள்ளவர்களுக்கும், சொன்ன பாவத்தையே மறுபடி மறுபடி சொல்லத் தோன்றுகிறவர்களுக்கும்: இது நோய், கூடுதல் பக்தி அல்ல. இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இதே வதையில் இருந்தார். எத்தனை முறை அறிக்கையிட்டும் ஏதோ விட்டுப்போனதாகத் தோன்றியது. அதிலிருந்து விடுபட ஒரு வாரம் உண்ணாமல் கிடந்தார். நோன்பு அவரைக் குணமாக்கவில்லை. ஆன்ம குரு நிறுத்தச் சொன்னதும் கீழ்ப்படிந்து உண்டார். உங்களுக்கும் ஒரே ஆன்ம குரு இருக்கட்டும், அவர் சொன்ன சொல் போதும் என்று இருங்கள், மன்னிக்கப்பட்டதை மறுபடி எடுக்க வேண்டாம். மருத்துவ உதவியும் தேடுங்கள்.

படி 8: நிறுத்தவேண்டிய இடம்

பேச்சு குறைகிறது, சாதாரண வெளிச்சமும் ஒலியும் தாங்கவில்லை, குளிப்பது போன்ற எளிய வேலைகளே மலையாகின்றன, தூக்கம் கெடுகிறது, கடவுள் எப்போதும் கோபமாக இருப்பதாகத் தோன்றுகிறது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து சில நாள் நீடித்தால் அன்றே எல்லாத் தீர்மானங்களையும் மோசமான நாளின் அளவுக்கு இறக்குங்கள். ஒரு வாரத்தில் சரியாகவில்லையென்றால் முழுவதும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். உயிரை விடத் தோன்றினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்; உடனே ஒருவரிடம் சொல்லி அவசர உதவி பெறுங்கள். ஓய்வுநாள் மனிதருக்காக உண்டாக்கப்பட்டது என்று சொன்னவர் நோன்புக்கும் ஆண்டவர்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். "அவன் செய்கிறான், உன்னால் முடியாதா?" என்று ஒப்பிட வேண்டாம். 14 வயது நிறையாத பிள்ளையைச் சுத்தபோசனச் சட்டம்கூடக் கட்டுப்படுத்துவதில்லை. அவனுக்குப் பிடித்த ஒன்றை அவனே தேர்ந்தெடுத்துப் பகிர்ந்துகொள்ளட்டும். அதைத் தவம் என்று நீங்கள் மதியுங்கள்.

படி 9: பாஸ்காவுக்குப் பிறகு

இதை யாரும் சொல்வதில்லை: நாற்பது நாள் பழகிய ஒழுங்கு ஒரே இரவில் முடிந்துபோவதும் ஓர் அதிர்ச்சிதான். கொண்டாட்டம், உறவினர் கூட்டம், மீண்டும் அல்லேலூயா. உயிர்ப்புத் திங்களன்று பலருக்குக் காரணம் புரியாத வெறுமை வரும். பாஸ்கா காலம் பெந்தகோஸ்து வரை 50 நாட்கள் நீள்வதால் அவசரமில்லை. மூன்று தீர்மானங்களையும் ஒன்றாக விடாமல் வாரத்துக்கு ஒன்றாக இறக்கிவையுங்கள். மருந்தோடு சேர்ந்த அந்தத் திருப்பாடல் ஒட்டிக்கொண்டால் இருக்கட்டும்.

நினைவு இருக்கும்போதே தாளின் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள்: எது எளிதாக நடந்தது, எந்த வாரம் சரிந்தது, எந்த வழிபாட்டுக்கு அடுத்த முறை போகவேண்டாம், சாம்பலை எப்படிக் கேட்டுப் பெற்றீர்கள். சாம்பல் புதன் பிப்ரவரி 4-க்கும் மார்ச் 10-க்கும் இடையே ஆண்டுக்கு ஆண்டு நகரும். அடுத்த ஆண்டின் தேதியைப் பார்த்து, அதற்கு மூன்று வாரம் முன்பு நினைவூட்டல் வைத்து, அந்தத் தாளை நாட்காட்டிக்குள் சொருகிவையுங்கள்.